வகிடு அகலமாகிறது, கண்ணாடியைத் தவிர்க்கிறேன்: இதை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?

கேள்வி: ஒற்றைச்சீப்பு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு கடுமையான காய்ச்சலில் பத்து நாள்கள் படுத்திருந்தேன். காய்ச்சல் நீங்கி, உடல் தேறி, அதை நான் மறந்தே போயிருந்த மூன்றாவது மாதத்தில், தலை குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரத் தொடங்கியது. ஐந்து மாதங்களில் உதிர்வு குறைந்தது. ஆனால் போன அடர்த்தி திரும்பவில்லை. வகிட்டில் தோல் முன்பைவிட அகலமாகத் தெரிகிறது, பின்னலின் பருமன் பாதியாகிவிட்டது. என் தாய்க்கும் நடுவயதில் உச்சியில் முடி மெலிந்திருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முடி போனதைவிட, அந்தக் கவலை என்னைச் செய்ய வைக்கும் காரியங்களே எனக்கு அச்சம் தருகின்றன. நாள்தோறும் உதிர்ந்த முடியை எண்ணி, ஒரு தாள் உறையில் போட்டு, மேலே தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைக்கிறேன். இழுப்பறையில் இப்போது 140 உறைகளுக்கு மேல் இருக்கின்றன. அலுவலகக் கூட்டத்துக்குச் சென்றால், விளக்குக்கு நேர் கீழே இல்லாத நாற்காலியைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. மின்தூக்கியில் என்னைவிட உயரமான யாராவது ஏறினால், உச்சி தெரியாதபடி தலையை நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்கிறேன். கடந்த எட்டு மாதங்களில் எடுத்த குடும்பப் படங்கள் எதிலும் நான் இல்லை, ஏனென்றால் படம் எடுக்கும் பொறுப்பை நானே வலிந்து வாங்கிக்கொள்கிறேன்.

கணவர், "எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை" என்கிறார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், ஆனாலும் அதைக் கேட்கும்போது இந்தத் துயரத்தில் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனது போல் இருக்கிறது. ஓர் உறவினரோ பலர் முன்னிலையில், "முடியெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். சிரித்துவிட்டு எழுந்து சென்று, குளியலறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த முடி திரும்புமா, அல்லது இதுதான் இனி என் தலையா என்பதை எப்படி அறிவது? உயிருக்குப் போராடுபவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, முடிக்காக அழுவது அற்பமா? மருந்து வேலை செய்கிறதோ இல்லையோ, மனத்தை என்ன செய்தீர்கள்?

பதில்: சாளரம்

வணக்கம், தோழி. நான் மருத்துவர் அல்லேன். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவள், இதே சிக்கலோடு தோல் மருத்துவரிடம் சென்று வந்தவள். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடியை வளர்த்து, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, பழைய முடியை உதிர்த்துவிட்டு மீண்டும் தொடங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் நமக்கு எப்போதும் தலைமுடி இருக்கிறது. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, உடல் எடையைத் திடீரெனக் குறைத்தல், பெரும் துக்கம் போன்றவை உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளப்படுகிறது. அந்த ஓய்வு முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆவதால், நோயை நாம் மறந்துவிட்ட பிறகு முடி கொட்டுகிறது. காய்ச்சலுக்கும் உதிர்வுக்கும் நடுவே நீங்கள் சொன்ன மூன்று மாத இடைவெளி இதனோடு அப்படியே பொருந்துகிறது. இவ்வகை உதிர்வில் மயிர்க்கால் அழிவதில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் உதிர்வு அடங்கும். ஆனால் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது என்பதால், புதிதாக முளைத்தவை உங்கள் பின்னலின் நீளத்தை எட்டச் சில ஆண்டுகள் ஆகும். பின்னல் மெலிந்திருப்பதை மட்டும் வைத்து முடி திரும்பவில்லை என்று முடிவு செய்ய முடியாது. நெற்றியோரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள்.

வகிடு அகலமாவதும், தாய்க்கும் அப்படி இருந்ததும் வேறு செய்தி. அது மரபு சார்ந்த மெலிவாக இருக்கக்கூடும். அதில் ஒவ்வொரு சுழற்சியிலும் மயிர்க்கால் சற்றே சிறுத்து, முன்பைவிட மெல்லிய, குட்டையான முடியை உருவாக்குகிறது. பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்க, வகிடும் உச்சியும் மெலியும். எனக்கு நிகழ்ந்தது இரண்டும் கலந்தது: சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த மரபு மெலிவைக் காய்ச்சலுக்குப் பின் வந்த உதிர்வு வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது. தோல் மருத்துவர் சிறு உருப்பெருக்கிக் கருவியால் தலைத்தோலைப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்து முடிகளின் பருமன் வேறுபடுகிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். வீட்டில் கண்ணாடி முன் நின்று எத்தனை மாதம் ஆராய்ந்தாலும் இந்த விடை கிடைக்காது.

இரத்தப் பரிசோதனையில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய இரண்டையும் அவர் கேட்கக்கூடும். என் பணி சார்ந்த ஒரு வேண்டுகோள்: முடிக்கு நல்லது என்று யாரோ சொல்லிப் பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடமும் ஆய்வுக்கூடத்திலும் சொல்லிவிடுங்கள். அதிக அளவுப் பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவையே பிழையாகக் காட்டிவிடும். பயோட்டின் குறைபாடு மிகவும் அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்றும் இல்லை.

மரபு மெலிவு என்று உறுதியானால், பெரும்பாலும் மினாக்சிடிலைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்ட மாத்திரை அது. உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே தலையில் பூசும் மருந்தாக மாறியது. அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும், 1991இல் பெண்களுக்கும் பூச்சு மருந்தாக ஒப்புதல் பெற்றது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரக்கூடும், ஏனென்றால் ஓய்ந்திருக்கும் பழைய முடிகளைப் புதியவை வெளியே தள்ளுகின்றன. பலர் அஞ்சி அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் ஒருமுறை நிறுத்தினேன். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதங்கள் ஆகும், நிறுத்தினால் பெற்றது போய்விடும். கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மருந்து அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைகளுக்கு அது கடும் நஞ்சு. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் அவசரம். தலைத்தோலில் எரிச்சல், வலி, சிவப்பு, செதில் இருந்தாலோ, மயிர்க்கால் துளைகளே தெரியாமல் ஓரிடம் வழவழப்பாகிப் போனாலோ காத்திருக்க வேண்டாம். தழும்பு விழும் வகையில் போன மயிர்க்கால் திரும்புவதில்லை.

பதில்: மழைத்தூறல்

ஒருமுறை முழுவதும் மழித்துவிட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று என் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முயன்று பார்க்கலாமே?

பதில்: சாளரம்

மழித்தவுடன் வளரும் முடியின் நுனி வெட்டுப்பட்டுத் தட்டையாக இருப்பதால், தடவும்போது முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முடியை உருவாக்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே ஓடிய கத்தி அதற்குத் தெரியாது. 1928ஆம் ஆண்டிலேயே இதை அளந்து பார்த்து, மழிப்பதால் முடியின் பருமனோ வேகமோ மாறவில்லை என்று எழுதிவிட்டார்கள். பெரியவர்கள் மேல் குறையில்லை, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

பதில்: பாலைநிலா

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கு 24 வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கியது, 30க்குள் உச்சி வெளியே தெரிந்தது. ஆண்களுக்கு இது சகஜம் என்று எல்லோரும் சொல்வார்கள். சகஜமானது வலிக்காது என்று யார் சொன்னது?

நம் மொழியின் விந்தையைப் பாருங்கள். மயிர் என்ற நல்ல பழைய சொல்லை வசையாக்கிவிட்டோம். ஒன்றுக்கும் உதவாததைக் குறிக்க அதைச் சொல்கிறோம். அதே மொழியில் கூந்தல், குழல், ஓதி, அளகம் என்று தலைமுடிக்குப் பெயர் சூட்டி மாளவில்லை. இருக்கும்போது இத்தனை பெயர், உதிர்ந்த பிறகு வசை. இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவர்கள் முடி போனதற்கு அழுதால், அதில் அற்பம் எங்கே இருக்கிறது? நாம் யார் என்று கண்ணாடி நமக்கு நாள்தோறும் சொல்லிவந்த விடையில் ஒரு பகுதி அழிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய துயரம் வேறொருவருக்கு இருப்பதால், இது துயரம் இல்லை என்று ஆகிவிடாது.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் இடப்பக்க முடியை நீளமாக வளர்த்து, உச்சிக்கு மேலே படிய வாரி வலப்பக்கம் கொண்டுசேர்த்தேன். அந்த ஆண்டுகளில் எனக்குக் காற்று பகையானது. ஓடும் வண்டியில் சன்னலோரம் உட்காரமாட்டேன். நீச்சல் தெரிந்தும் நீரில் இறங்கமாட்டேன். குழந்தை தோளில் ஏறித் தலையைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவேன். கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. முடி போனதால் நான் இழந்தது ஒரு பங்கு, அதை மறைப்பதற்காக நானே விட்டுக்கொடுத்தது பல பங்கு. அதனால்தான், நீங்கள் எழுதியதில் வகிட்டைவிட நாற்காலியும் மின்தூக்கியும் எனக்குப் பெரிதாகப் பட்டன.

உளவியலில் ஒரு சோதனை உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியானது. கல்லூரி மாணவர்களுக்கு வெட்கப்படத்தக்க படம் அச்சிட்ட சட்டையை அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினர்தாம். எனக்கு இதில் ஆறுதல் தந்தது அந்தக் கால் பங்கு. யாருமே கவனிப்பதில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், உங்கள் கணவர் சொல்வதை நீங்கள் நம்பாதது போலத்தான். சிலர் கவனிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நாம் நினைக்கும் அளவில் பாதிப் பேர்.

36 வயதில் ஒருநாள், நானே இயந்திரத்தை எடுத்து முழுவதும் வெட்டிவிட்டேன். முதல் வாரம் குளிர்ந்தது, வெயில் சுட்டது. இரண்டாவது வாரம் அலுவலகத்தில் பேச்சு அடங்கியது. ஒரு பெண்ணுக்கு இதே வழி இதே போல் எளிதாக அமையாது என்பதை அறிவேன்; ஆணின் மழித்த தலையைப் பார்த்துப் பழகிய உலகம் பெண்ணின் தலையை அப்படிப் பார்ப்பதில்லை. எனவே, வெட்டிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்றை மட்டும், மிகச் சிறியதாகப் பார்த்து, முதலில் திரும்ப வாங்குங்கள். விளக்கின் கீழுள்ள நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பதில்: வெண்தாமரை

பாலைநிலா அவர்கள் எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனால் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மறைப்பது எல்லாமே தோல்வி என்ற தொனி அதில் இருக்கிறது.

எனக்குப் புழுவெட்டு. பெயர்தான் அப்படி, புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே பகையென்று தவறாகத் தாக்குகிறது. வாழ்நாளில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு இது வரக்கூடும். பலருக்கு நாணய அளவில் வட்டமாகப் போய்த் தானே முளைத்துவிடும். எனக்குத் தலை முழுவதும் போய், புருவமும் இமை முடியும் போயின. இமை முடி இல்லாவிட்டால் தூசி நேரே கண்ணுக்குள் விழும் என்பதும், மூக்கு முடி இல்லாவிட்டால் நீர் எச்சரிக்கையின்றி வழியும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முடி வெறும் அழகுதானே என்பவர்களிடம் இந்த மூக்கைப் பற்றிச் சொல்வதுண்டு.

நான் பொய்முடி அணிகிறேன். 'டோப்பா' என்று சொல்லிப் பிறர் சிரிப்பதைக் கேட்டு வளர்ந்ததால், முதல் ஈராண்டுகள் அதைத் தொடவே கூசினேன். ஒளிவதற்கு அணிவது வேறு, அன்றைய நாளை முடியைப் பற்றி நினைக்காமல் கழிப்பதற்கு அணிவது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். கழன்றுவிடுமோ என்று நாள் முழுவதும் அஞ்சினால் அது ஒளிவது. காலையில் அணிந்துவிட்டு மாலை வரை மறந்துபோனால் அது கண்ணாடி போல, செருப்பு போல ஒரு பொருள். நெருங்கியவர்கள் நான்கு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்ட நாளில்தான் எனக்கு அது பொருளாக மாறியது, ஏனென்றால் அதன் பிறகு காக்க வேண்டிய இரகசியம் எதுவும் இல்லை.

கணவரிடம் ஆறுதல் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டால் எந்த அன்பான மனிதரும் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றுதான் சொல்வார். மாதத்தில் ஒரே ஒரு நாள், அதே விளக்கில், அதே வகிட்டில், உச்சியைப் படம் எடுத்துத் தரும்படி அவரிடம் சொல்லுங்கள். மருத்துவருக்கும் அந்தப் படங்கள் உதவும், உறைகள் உதவமாட்டா. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு, தலை குளித்த நாளில் அதைவிடக் கூடும், அந்த ஏற்ற இறக்கத்தைத் தினமும் எண்ணுவது மனத்தைத்தான் அரிக்கும். எண்ணாமல் இருக்கவே முடியவில்லை, நாளில் மணிக்கணக்காக இதுவே ஓடுகிறது, வெளியே போகவே முடியவில்லை என்ற நிலை வந்தால், முடிக்கு மருத்துவரைப் பார்ப்பது போலவே மனநல ஆலோசகரையும் பாருங்கள். எனக்குப் பாதி வழியைக் கடத்திவிட்டவர் அவர்தான்.

கேள்வி கேட்கும் உறவினருக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "காய்ச்சலுக்குப் பிறகு கொட்டிவிட்டது, மருத்துவம் பார்க்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்பது என் தோழியின் வாக்கியம். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தினால் அவர்கள் எண்ணெய் பெயர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வரி. கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எதிர்ப்பாற்றலின் அந்தத் தவறான தாக்குதலை அடக்குவது அது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, தொற்று உள்ளிட்ட ஆபத்துகளுக்காகத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். நான் யோசித்து, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது தோல்வியும் அன்று, பெருந்தன்மையும் அன்று.

பதில்: ஒற்றைச்சீப்பு

எல்லோருக்கும் நன்றி. உடனே விடை எழுதாததற்குக் காரணம், சந்திப்பு நாள் கிடைக்க மூன்று வாரங்கள் ஆனது.

சாளரம் அவர்கள் ஊகித்தது சரி: இரண்டும் கலந்திருக்கிறது. ஃபெரிட்டின் குறைவாக இருப்பதாகவும் கண்டறிந்தார்கள். நெற்றியோரம் புதிய முடிகள் நிற்பதை மருத்துவர் திரையில் காட்டினார். வகிட்டில் மெலிந்த முடிகளையும் காட்டினார். திரும்பக்கூடியது எது, திரும்ப வாய்ப்புக் குறைந்தது எது என்று பிரித்துக் கேட்டபோது அழுகை வந்தது. ஆனால் இழுப்பறையைத் திறக்கும்போது வருவது போன்றதாக அது இல்லை. மருந்து தொடங்கி நான்கு நாள்கள் ஆகின்றன.

உறைகளை மருத்துவரிடம் எடுத்துச் சென்றிருந்தேன். அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அன்று மாலை எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன் என்று எழுத ஆசைதான். முதல் உறையை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். எண்ணுவதை நிறுத்தி ஒன்பது நாள்கள் ஆகின்றன, ஒருநாள் தவறினேன்.

கணவர் முதல் படத்தை எடுத்துத் தந்தார். எடுத்த பிறகு நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "ஆமாம், தெரிகிறது" என்றார். ஏன் என்று தெரியவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெண்தாமரை அவர்களுக்கு ஒரு கேள்வி: முழுப் பொய்முடி எனக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். உச்சியை மட்டும் மூடும் டாப்பர் வகையைப் பற்றி அறிவீர்களா? அளவு எடுப்பது எப்படி?

பதில்: வெண்தாமரை

அறிவேன். வகிட்டில் மெலிந்த பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் தையல் நாடாவால் அளந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளிப்புகள் வலுவான முடியில்தான் பிடிக்க வேண்டும், மெலிந்த முடியில் பிடித்தால் இழுத்து இழுத்து அதையும் போக்கிவிடும். அதே காரணத்துக்காகக் கிளிப்பின் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள், உறங்கும்போது கழற்றிவிடுங்கள். செயற்கை இழையால் ஆனது என்றால் அடுப்பு, முடியை நேராக்கும் இயந்திரம் இரண்டின் சூட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், உங்கள் முடியின் நுனியோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். வேரின் நிறம் பெரும்பாலும் சற்றுக் கருமையாக இருக்கும். வாங்கிய பிறகு முதல் ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும் அணியுங்கள், தலை ஆட்டிப் பாருங்கள், குனிந்து எழுங்கள். விசிறிக்கு அடியில் நிற்கவும் மறவாதீர்கள்.